அஞ்சேகால்ல ரெண்டேமுக்கால் போனா

எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு போலீஸ். பக்கத்து வகுப்புல மொழிப்பாடம் எடுக்கிறவ நான். இருபது வருஷமா அந்தம்மாவோட ஒரே மேஜையில டிபன் டப்பா திறக்கிறேன். எனக்கும் வேற பேரு தோணலை.

சந்தேகம்னா அப்படியொரு சந்தேகம்! பிள்ளைங்களுக்குப் பத்து, பதினோரு வயசுதான். விடை சரியா இருந்தா, "யாரு போட்டுக் கொடுத்தா?" தப்பா இருந்தா, "யாரைப் பார்த்து எழுதின?" சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணு, தப்புதான் ஆளுக்கு ஆள் மாறும், ரெண்டு பேருக்கு ஒரே தப்பு வந்தா அது காப்பி. இதுதான் அவங்க சட்டம்.

நல்லதையும் சொல்லிடணும். பின்னக் கணக்கு மண்டையில ஏறாத பிள்ளையைச் சாயங்காலம் பக்கத்துல உட்காரவெச்சு, காகிதத்தைக் கிழிச்சுக் கிழிச்சுக் காட்டுவாங்க. புரிஞ்சதும் அது முகம் மலரும் பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பொழப்பேம்பாங்க. மறுநிமிஷமே, "நிஜமாவே புரிஞ்சுதா, நடிக்கிறியா?"

போன மாசத் தேர்வுல ஒரு கணக்கு. அஞ்சேகால்ல ரெண்டேமுக்கால் போனா மீதி எவ்வளவு? ரெண்டரை. முதல் பெஞ்சுப் பொண்ணு நாலுன்னு எழுதியிருந்துச்சு. காய்ச்சல்ல படுத்து, மறுநாள் தனியா எழுதின தையல்காரர் மகளும் நாலு. போலீசுக்கு மூக்கு வேர்த்துடுச்சு.

"கேள்வி முதல் நாளே வெளிய போயிருக்கு. இந்தத் தையல்காரர் மகளைக் கணக்குப் போட்டிக்கு அனுப்ப முடியாது. பேரை அடிச்சுட்டேன்."

அந்தப் போட்டிக்காக ரெண்டு மாசமா விளையாடக்கூடப் போகாம உட்கார்ந்திருந்த பொண்ணு அது.

"மறுநாள் அவ எழுதினப்போ காவல் இருந்தது நான்தானே டீச்சர்? கையில ஒரு சீட்டும் இல்லையே."

"நீங்க கொஞ்சம் கண்ணசந்தீங்களோ என்னவோ."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "அப்போ என்னையும் சேர்த்து விசாரிங்க! அவளைக் கூப்பிட்டு என் கண்ணு முன்னாடி போடச் சொல்லுங்க."

பொண்ணு வந்து பலகையில எழுதிச்சு. கால்ல முக்கால் போகாதுன்னு அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கிச்சு. அதைக் காலோட மேல் ஒண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பதினொண்ணாக்கிச்சு. மூணு போக எட்டு. எட்டுக் கால்னா ரெண்டு முழுசு, கடன் கொடுத்து நாலான அஞ்சுல ரெண்டு போக மிஞ்சினது ரெண்டு. ஆக நாலு.

"அதென்னடி பதினொண்ணு?"

"கடன் வாங்கினா எப்பவும் பத்துன்னு மூணாங்கிளாஸ்ல நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?"

ஒரு முழுசுல நாலு கால்தான் இருக்கு, பத்து இல்ல. ஆனா அந்த 'எப்பவும்' சுவரைத் தாண்டி என் காதுலயே விழுந்திருக்கு. முதல் பெஞ்சுப் பொண்ணுக்கும் அதே பாடம்தான்.

போலீஸ் பட்டியலை எடுத்து, அடிச்ச பேரைத் திரும்ப எழுதினாங்க.

"ஏம்மா, அஞ்சேகால்ல அவ்வளவு எடுத்தப்புறம் நாலு மிஞ்சுமா? உனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரலியா?"

"வந்துச்சு டீச்சர். ஆனா நீங்க சொன்னதாச்சே, உங்களைப் போய் எப்படிச் சந்தேகப்படுறது?"

அந்தம்மா கண்ணு கலங்கி நான் பார்த்தது அன்னைக்குத்தான்.