பிள்ளையாரிடம் நான் கேட்டது

திருமங்கலத்தில் என் இட்லிக் கடைக்கு எதிரே ராமையா அண்ணன் கடை. கூட்டமெல்லாம் அங்கேதான், பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரியும். ஒருநாள், மறுநாள் சுகாதார ஆய்வாளர் சோதனைக்கு வருவதாகத் தெரிந்தது. பாத்திரமெல்லாம் தேய்த்தேன். வடைத் தட்டுக்கு வலைமூடி வாங்கினேன். பிறகு பிள்ளையாரிடம் போய், “அண்ணன் கடைக்குப் பூட்டு விழுந்தா தேங்கா உடைக்கிறேன் சாமி” என்று வேண்டிக்கொண்டேன்.

ஆய்வாளர் இரண்டு கடையிலும் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு முகம் சுண்டிப்போனது. சற்று நேரத்தில் அண்ணன் ஒரு தேங்காய் மூடியோடு வந்தார்.

“இந்தா தம்பி, பிள்ளையாருக்கு உடைச்சது. ரெண்டு கடையும் தப்பிக்கணும்னு வேண்டியிருந்தேன்.”

“எனக்குமாண்ணே?”

“ஒன் கடைய மூடிட்டா அம்புட்டு பேருக்கும் நான் ஒருத்தனாவா இட்லி ஊத்துறது?” என்று சிரித்தார்.

அந்த மூடியைத் துருவிச் சட்னி அரைக்க எனக்குக் கை வரவில்லை. இப்போதும் அவரைக் கண்டால் பொறாமைதான். அவரைப் போல எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லையே என்று.