பத்து வீட்டுக்கு ஒரே உத்திரம்

பர்மாவில், இன்சீன் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீட்டைப் படம் எடுக்க முன்பெல்லாம் யாராவது வருவார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடமாம். கருங்கல் அஸ்திவாரம், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கனத்த செங்கல் சுவர், மேலே தேக்கு. ‘எவ்வளவு அழகு!’ என்பார்கள். அழகாம் அழகு! மழைக்காலத்தில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்தால் தெரியும். சுவரெல்லாம் உப்புப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டும்.

கட்டினவன் மகா கஞ்சன். ஒட்டி ஒட்டிப் பத்து வீடு. ஆனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. ஓர் ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் பத்து வீட்டுக்கும் ஒரே வெட்டவெளி, ஒரே கூரை. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை தேக்கு உத்திரம் ஒன்று எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகிறது. கூலிக்காரனுக்கு எதற்கடா முழுச் சுவர் என்று நினைத்திருப்பான் பாவி. ஒரு வீட்டில் நாப்பிக் கருவாடு வதக்கினால் ஐந்தாம் வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் லைன் முழுக்கக் கப்சிப்.

அந்தக் கஞ்சத்தனம் என் தம்பியைக் காப்பாற்றும் என்று நம்பினோம். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்து, அவன் பெயரும் அடிபட்டது. எங்கள் வீடு முதல் வீடு. கடைசி வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தண்டவாளம். ஊரைச் சுற்றி ஓடும் சுற்று ரயில் அங்கே ஊர்ந்துதான் போகும், தொற்றிக்கொள்ளலாம். ஆள் பிடிக்க வந்தால் அவன் அலமாரி மேல் ஏறி, உத்திரத்தில் தவழ்ந்து, எல்லா வீட்டையும் தாண்டிக் கடைசி வீட்டில் இறங்க வேண்டும். தமிழர், பர்மியர் என்று பத்து வீட்டாரும் சரி என்றார்கள். ஒரு தடவை அப்படித்தான் தப்பினான். கீழே சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு மூன்றாம் வீட்டில் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளியை மூங்கில் தட்டி வைத்து அடைப்பது எங்கள் லைன் வழக்கம். கண் படக்கூடாது, பக்கத்து வீட்டுப் புகை அண்டக்கூடாது. பெருச்சாளி தள்ளிவிடாமல் இருக்க உள்பக்கம் சுவர்மேல் செங்கல் அடுக்குவார்கள். அந்தப் பிள்ளையின் அப்பன் அதையெல்லாம் நறுவிசாகச் செய்து, அதற்கு நேர் கீழே தொட்டிலும் கட்டினான். தம்பி அந்த வாரம் தன்லியின் என்ற ஊரில், வேலை பார்க்கும் பாக்டரியிலேயே தங்கியிருந்தான். நாங்கள் போய்ச் சர்க்கரை வாங்கித் தின்றோம். நான் பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சினேன். தலைக்கு மேலே தட்டி. ஒருத்தருக்காவது உறைத்ததா? பிள்ளை பிறந்தால் அடைப்பதுதானே!

தம்பி திரும்பிய மறுநாள் மத்தியானம் ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு, அவன் ஊரில் இல்லை என்று பர்மியில் கத்தினேன். அவன் காதில் விழுந்து ஏறுவதற்குத்தான் அந்தக் கத்தல். ஏறியும் விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததை இரண்டாம் வீட்டு அக்கா சொன்னார். தட்டியில் முட்டிக்கொண்டு நின்றவன், குனிந்து மெல்லக் கேட்டானாம்.

“அக்கா, புள்ள தொட்டில்ல கெடக்கா?”

“கெடக்குடா. ஆத்தாக்காரி கொல்லையில குளிக்கிறா.”

“நீங்க போய்த் தூக்குவீங்களா?”

“எப்டிடா போவேன், வாசல்ல நிக்கிறானுங்களே! மிதிச்சுத் தள்ளிட்டுப் போடா, ஒன்னும் ஆவாது.”

அவன் காலைத் தட்டியில் வைத்தானாம். உள்ளே செங்கல் லேசாக உராய்ந்ததாம். காலை எடுத்துவிட்டான்.

“வேணாங்க்கா” என்றானாம். அங்கேயே இறங்கினால் அக்கா வீட்டுக்கும் ஆபத்து என்று வந்த வழியே திரும்பிவிட்டானாம்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவர்களில் ஒருத்தன் அலமாரிமேல் கால் தடத்தைப் பார்த்து, நிமிர்ந்து உத்திரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அதற்குள் சுவருக்கு மேலே என் தம்பியின் பாதம் தெரிந்தது. ரயில் ஏறிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயோ, ஏண்டா திரும்பி வந்தே என்று அலறிவிட்டேன். அவன் இறங்கி, கையில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, “கத்தாதக்கா, புள்ள முழிச்சுக்கும்” என்றான். அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளே தட்டியைப் பிய்த்துப் போட்டார்கள். என்ன பிரயோஜனம்? தம்பியிடமிருந்து இதுவரை ஒரு போன் இல்லை. அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. தவழ்ந்து தவழ்ந்து என் வீட்டு வாசலுக்கு வந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறது. அதன் தாய் தூரத்தில் நின்று என் முகத்தையே பார்க்கிறாள். அது ஒரு பாவமும் அறியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் தூக்க முடியவில்லை.