ஆட்டுக்கு டீ பழக்கியவன்

ஓர் ஆட்டுக்கு டீ பழக்கிவிட்டவன் நான். அதுவும் சினையாட்டுக்கு. இதில் கூடுதல் கேவலம், பள்ளிக்கூடத்தில் நான் நடத்தியது விலங்கியல்.

எண்பதுகளின் கடைசியில் பந்தல்குடியில் குடியிருந்தோம். வீட்டுக்கு நாலு எட்டில் தூத்துக்குடி ரோடு. ரோட்டோரம் லாரிக்காரர்கள் இறங்கும் டீக்கடை. தூக்கத்தை விரட்டுகிற மாதிரி கருகருவென்று போடுவார்கள். நான் போகும்போதெல்லாம் என் மனைவி வளர்த்த வெள்ளாடு பின்னாலேயே வரும். ஒரு நாள் கிளாஸின் அடியில் கிடந்ததை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினேன். நக்கியது. கடையே சிரித்தது. சிரிக்க ஆள் இருந்தால் எனக்கு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது, மறுநாளும் நீட்டினேன். அப்புறம் அது என்னை எதிர்பார்க்கவில்லை. தானே போய், மாஸ்டர் உதறிக் கொட்டும் டீத்தூள் சக்கையைத் தின்னப் பழகிவிட்டது.

"ஏலே, வாத்தியாரும் ஆடும் வாராக. ரெண்டு டீ போடு!" என்று டிரைவர்கள் கத்துவார்கள். எனக்குப் பெருமைதான்.

ஆடு ஒற்றைக்குட்டி போட்டது. தலைச்சன் ஈற்று. நக்கி ஈரத்தை எடுத்ததோடு கடமை முடிந்ததென்று எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டது. இழுத்து வந்தேன். குட்டி மடியில் வாய் வைத்தால் துள்ளியது, சுற்றியது, தரையை முகர்ந்தது, குட்டியைத் தாண்டி வாசலுக்கு ஓடியது. மனைவி குட்டியை மடிக்குத் தூக்கிப் பிடிக்க, நான் பின்னங்காலைப் பிடிக்க, பிடிக்காத இன்னொரு கால் என் முழங்காலைப் பதம் பார்த்தது. தொட்டிலில் எங்கள் கைப்பிள்ளை வேறு அழுதுகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் குட்டி கத்தவும் தெம்பில்லாமல் சுருண்டது.

அந்த நேரம் பார்த்து எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"இது ஆட்டுக் குத்தமில்ல. எலிக்கு ஊக்க மருந்து குடுத்துப் பாத்திருக்காக. குட்டி கூட்டைவிட்டு வெளிய கெடந்தாலும் தாய் எலி கவ்வித் தூக்கிட்டு வராதாம். மோந்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுமாம். குட்டி வாசம் பட்டா மூளையில டோபமின்னு ஒண்ணு சுரந்து, 'போ, போய்த் தூக்கு'ன்னு தாயைக் கெளப்பும். மருந்து அதைக் கன்னாபின்னான்னு சுரக்க விட்டுட்டா, குட்டி கத்துறது அது மண்டையிலயே ஏறாது. டீயிலயும் அந்த ஜாதிச் சரக்கு கொஞ்சம் இருக்கு."

"எலிக்கு மருந்து குடுத்தது யாரு?" என்றாள் மனைவி.

"விஞ்ஞானி."

"ஆட்டுக்கு?"

நான் கட்டுக்கயிற்றைத் தேடக் கிளம்பினேன்.

"குட்டி செத்துச்சுன்னா, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

ஆட்டைக் கொல்லையில் வேம்பில் கட்டினேன். சீம்பாலைக் கறந்து கைப்பிள்ளையின் பாலாடையில் குட்டிக்குப் புகட்டினோம். ஆட்டுக்குக் காவல் நான். காவல்காரன் டீ வாசத்தோடு வந்து நின்றால் ஆடு கயிற்றை அறுக்கும் என்று எனக்கும் டீ ரத்து, மனைவியின் உத்தரவு. ஆடு ஓயாமல் கத்தியது. எனக்கு மண்டை இடித்தது. நான் ஆட்டை முறைத்தேன். அது என்னை முறைத்தது. ரோட்டில் கிளாஸும் கரண்டியும் உரசும் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டு பேரும் ஒன்றுபோல் தலையைத் திருப்பினோம். சனியன், பெற்ற குட்டிக்குத் திரும்பாத தலை!

மறுநாளும் இதே கூத்து. அதற்கடுத்த நாள் ஆடு சலித்துப்போய் நின்றது. குட்டி தட்டுத்தடுமாறி வந்து மடியை முட்டியது. உதை விழவில்லை. ஆடு கழுத்தை வளைத்துக் குட்டியின் வாலடியை மோந்து, மெல்ல நக்கியது. குட்டியின் வால் படபடவென்று ஆடியது. டீ இறங்கியதா, தலைச்சன் மிரட்சி தெளிந்ததா, சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் விடுவேனா?

"பாத்தியா! டீயை நிறுத்துனதும் மூளை தெளிஞ்சிருச்சு, குட்டி சத்தம் மண்டையில ஏறிருச்சு. சரி, ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடினேன்.

தொட்டிலில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

மனைவி ஆட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்க குட்டியைத் தூக்கிட்டுப் போங்க."