என் பங்குக்கு வந்த கல்லறை

சீனச் சங்கத்தின் வரலாற்று மலரில் நானும் இருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற இடத்தில், பூக்கடைக்குக் கீழே ‘பஸ் சாரதி’ என்று போட்டிருக்கிறார்கள். பெயர் இல்லை. அதைப் பற்றி எனக்கு மனவருத்தமும் இல்லை, ஏனென்றால் அந்தச் சங்கத்தோடு எனக்கிருந்த உறவு மலரில் போடுகிற மாதிரியானதல்ல.

வார நாட்களில் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சனி, ஞாயிறில் கொம்பனி எங்கே அனுப்புகிறதோ அங்கே போவேன். ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஜின்கோர்ட்டில் உள்ள பிளாசாவிலிருந்து சீனச் சங்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் இருக்கும் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். சங்கத்தின் செயலாளர் எனக்குப் பின் இருக்கையில் இருந்து வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வருவார். இளைப்பாறிய மருந்தாளர். சங்கத்தின் கதையை நான் தெரிந்துகொண்டது அவரிடம்தான்.

சங்கம் தொடங்கியது ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். அதில் இருந்தவர்கள் துணி வெளுத்தவர்களும் சமையல் செய்தவர்களும். சீனரின் மனைவி பிள்ளைகள் இந்த நாட்டுக்கு வந்து சேரக்கூடாது என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்ததால் எல்லாரும் தனி ஆண்கள். ஊர்க் கடிதம் வருவதும், காய்ச்சலுக்குக் கஞ்சி கிடைப்பதும், சண்டை பிடிப்பதும் அந்த அறையில்தான். ஒருவர் இறந்தால் மற்றவர்கள் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அவருடைய குழிக்கு யாராவது போவோம் என்று ஒருவருக்கொருவர் வாக்கும் கொடுத்திருந்தார்கள். பிறகு சட்டம் போனது, குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் ஸ்காபரோ, மார்க்கம் என்ற புறநகர்களில் வீடு வாங்கினார்கள். சங்கமும் பல் வைத்தியருக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒரு பிளாசாவுக்கு வந்தது. கொடுத்த வாக்கை மட்டும் விடவில்லை.

முதல் வருடம் நான் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாம் வருடம் மழையும் பனியும் கலந்து கொட்டியதில் ஆட்கள் குறைவு. வந்தவர்களை விடக் குழிகள் அதிகம். செயலாளர் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டி, மூன்று தோடம்பழமும் ஊதுபத்தியும் ஒரு குழியின் இலக்கமும் விபரமும் எழுதிய துண்டும் என் கையில் வைத்தார். பஸ் ஓட்டத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு துண்டைப் பார்த்தேன். இறந்த வயது நாற்பத்தெட்டு என்றிருந்தது, அன்றைக்கு என் வயதும் கிட்டத்தட்ட அதுதான்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். சேமக்காலை எங்களுக்குப் பயமான இடமல்ல, நவம்பரில் குடும்பமாகப் போய்க் குழிகளுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற இடம். என் ஐயாவும் அப்படியொன்றில்தான் கிடக்கிறார். இடம்பெயர்ந்த வருடங்களில் எங்களில் ஒருவராலும் அங்கே போக முடியவில்லை. பக்கத்துக் குழிக்கு வந்த யாராவது அவருக்கும் ஒரு திரி வைத்திருக்க மாட்டார்களா என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். ஆகவே இறங்கினேன்.

அன்றிலிருந்து அந்த நாற்பத்தெட்டு வயதுக்காரர் என் ஆள். மூன்று தரம் குனிந்து கும்பிட வேண்டும் என்று காட்டித் தந்தார்கள். சும்மா கும்பிட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. “சுகமோ அண்ணை?” என்று கேட்டேன். அடுத்த வருடம் பிளாஸ்கில் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் கொண்டுபோனேன். படைத்ததை அங்கேயே இருந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம் என்பதால் மிச்ச ரோல்ஸ் எல்லாருக்கும் போனது. அதற்கடுத்த வருடம் சங்கத் தலைவரே ரோல்ஸ் எங்கே என்று கேட்டார். குழியில் கிடக்கிற அண்ணைக்கு நான் எல்லாம் சொல்வேன்: மகளின் கலியாணம், கணவருக்குச் சிறுநீரகத்தில் கல், ஸ்னோ டயர் விற்கிற விலை. குறுக்கே பேசாத ஆம்பிளை ஒருவர் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? நாற்பத்தெட்டைத் தாண்டி எனக்கு ஐம்பதும் வந்துவிட்டது. நான் அண்ணை என்பதை மாற்றவில்லை.

பிறகுதான் இந்த வரலாற்று மலர் வந்தது. தலைவர்களின் படங்களையும் விருந்துப் படங்களையும் போட்டால் போதும் என்றது நிர்வாகம். எங்கள் வரலாற்றில் பாதி அந்த மண்ணுக்குள் கிடக்கிறது என்று செயலாளர் சண்டை பிடித்து, பழைய அங்கத்தவர் அட்டைகளைத் தோண்டி எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஊரும் மனைவியின் பெயரும் இருந்தன. ஒரு வருடமாக ஊர் ஊராக எழுதிப்போட்டார். மாரியில் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார். என் ஆளுக்கு வன்கூவரில் ஒரு பேத்தி இருக்கிறாராம், வசந்தத்துக்கு வருகிறாராம். பிறகு குரலைத் தணித்து, எலும்புகளை எடுத்துச் சொந்த இடத்தில் வைப்பதும் தங்கள் பழைய வழக்கம்தான், பேத்தி அதைப் பற்றி விசாரித்தார் என்றார்.

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். சட்டியை அடுப்பில் வைத்த சத்தத்தில் கணவர் எழும்பி வந்தார்.

“என்ன, ஆரும் செத்துப்போட்டினமோ?”

“இல்லை. என்ர ஆளுக்குச் சொந்தக்காரர் வந்திட்டினம்.”

“அது நல்ல விசயமெல்லோ?”

“நல்ல விசயந்தான். கொண்டுபோகப் போகினம் போல.”

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “உமக்கு அந்தாள் என்ன முறையப்பா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

“ஒரு முறையும் இல்லை. அதாலதான் ஒண்டும் கதைக்கேலாமக் கிடக்கு.”

எனக்கு வந்தது பொறாமை. முகம் தெரியாத ஒரு மனுசிமேல், அவருக்கே உரித்தான தாத்தாவுக்காக. வெட்கமாக இருந்தது, ஆனாலும் குறையவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. பேத்திக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், தாத்தாவுக்கு இன்னும் நாற்பத்தெட்டு. மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ரோல்ஸும் பிளாஸ்கும் கொண்டு வந்திருந்தேன். ஆனால் அவற்றை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்காமலே இருந்தேன். உரித்துக்காரர் வந்த இடத்தில் சாரதிக்கு என்ன வேலை?

கண்ணாடியூடாகப் பார்த்தேன். பேத்தி முழங்காலில் இருந்து ஒரு கரண்டியால் மண்ணைக் கிண்டினார். அள்ளிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு எழுந்தார். திரும்பி, நேரே பஸ்ஸுக்கு வந்து கதவைத் தட்டினார்.

செயலாளர் சொன்னார், தாத்தாவோடு பேசுகிறவர் நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். பையிலிருந்து பல் தேய்ந்த ஒரு மரச்சீப்பை எடுத்துக் காட்டினார். கலியாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்ததாம். பாட்டி சாகும்வரை அதால்தான் தலைவாரினாராம். தாத்தாவை எடுத்துப்போகத்தான் முதலில் யோசித்தாராம். ஆனால் எங்கே கொண்டுபோவது, அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கேதானே, அதனால் பாட்டியை இந்தச் சீப்பில் கொண்டு வந்தேன், அவர் பக்கத்தில் புதைக்க என்றார்.

“ஆனால் அவர் என்னைக் கண்டதே இல்லை. யாரோ ஒருத்தி வந்து மண்ணைக் கிண்டுகிறாள் என்று நினைப்பார். உங்களை அவருக்குத் தெரியும். என்னை அறிமுகப்படுத்தி வைப்பீர்களா?”

இருக்கைக்குக் கீழே கிடந்தவற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று தரம் குனிந்து கும்பிட்டேன். பேத்தி, முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்த பிள்ளைபோல என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணை, நான்தான், பஸ்காரி. இண்டைக்குத் தனிய வரேல்லை. இவ உங்கட மகன்ர மகள். உங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறா.”

பேத்திக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் சீப்பை என் முன்னே நீட்டினார். அதையும் சொல்லச் சொல்கிறார்.

“வீட்டுக்காரியும் வந்திட்டா, அண்ணை,” என்றேன். “இனி ஒரு சட்டமும் மறிக்கேலாது.”