கைக்குட்டையில் வந்த நற்கருணை

நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, டிசம்பர் மாதத்து ஞாயிறு காலை. அப்போது மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர் மகளுக்கு அன்று புதுநன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் நாள். "நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்" என்று அழைத்திருந்ததால், மனைவியுடன் ஊரின் பழைய மாதா கோயிலுக்குப் போனேன்.

நாங்கள் இந்துக்கள். அந்தக் கோயிலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மனைவியும் மற்றப் பெண்களைப் போல முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். நான் தூண்களையும் உயரமான கூரையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

பூசை முடிந்து முற்றத்துக்கு வந்ததும், மனைவி மகிழ்ச்சியோடு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஈரமான சிறு வெள்ளை அப்பம்.

"எல்லாரும் வரிசையா போனாங்க, நானும் போயி முட்டி போட்டேன். வாயிலேயே வச்சிட்டாங்க. வீட்டுல இருக்கிற அத்தைக்குப் பிரசாதம் வேணுமேன்னு முழுங்காம எடுத்து வச்சேங்க."

அருகில் நின்ற அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "தங்கச்சி, இத நாங்க கையாலகூடத் தொடமாட்டோம். இவங்கள யாரு கூட்டிட்டு வந்ததுன்னு பூசை வச்ச சாமியார் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அது அவர்களுக்கு ஆண்டவரின் உடல் என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வெள்ளை உடையில் அக்காவின் மகள் நிற்கிறாள். அவர்களுடைய நல்ல நாள் எங்களால் கெட்டுவிடுமோ என்று பதறினேன்.

மூவரும் பாதிரியாரிடம் போனோம். பிரெஞ்சுக்காரர், தோட்டங்களில் பல ஆண்டு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். மனைவி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் கைக்குட்டையை இரு கைகளாலும் வாங்கி, அப்பம் கரையட்டும் என்று கிண்ணத்துத் தண்ணீரில் இட்டு மூடினார். கைக்குட்டையையும் தாமே அலசினார்.

"முக்காட்டப் பாத்தேன், முகத்தப் பாக்கல. வாயில வச்சது நான்தானே அம்மா? தப்பு என்னோடது" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதிரியார் விடவில்லை. "இன்னிக்கு உன் வீட்டுல விருந்துதானே? இவங்க மாமியாருக்குக் கேக் குடுத்தனுப்பு. அத எவ்வளவு வேணும்னாலும் கட்டிக்கிட்டுப் போகலாம்."

அக்கா சிரித்துவிட்டார். 

எங்களை அழைத்துவந்தது யார் என்று பாதிரியார் கடைசிவரை கேட்கவே இல்லை. அலுவலகத்தில் ஒரு பிழையைக் கண்டால் 'இது யார் வேலை?' என்று முதலில் கேட்டே பழகியவன் நான். அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம், இன்றும் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறேன்.