சுளையைக் கையில் வைத்துப் பத்து எண்ணியது

என் மகளுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. பேச்சு போகட்டும், வேண்டியதைக் கை காட்டிக் கேட்கவும் மாட்டாள், யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். பசித்தால் தலையைச் சுவரில் முட்டுவாள். நெற்றியில் காய்ப்பே காய்த்துவிட்டது.

"அப்பன் வாயத் தொறந்தாத்தான புள்ள வாயத் தொறக்கும்" என்று ஊரே பழியை என்மேல் இறக்கியது. எனக்குப் பேசுவதென்றால் கூச்சம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவன் நான். பழியை மறுக்கவும் பேச வேண்டுமே, அதனால் ஏற்றுக்கொண்டேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோயில் மணியில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்க வைத்தோம். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். தேன் தடவினோம். தேனை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாள்.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில், எங்கள் மலையிலிருந்து காரவள்ளி வழியாக இறங்கும் பஸ்ஸில் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் என் மனைவி வாந்தி எடுத்தாள். மகள் ஒவ்வொரு வளைவுக்கும் சிரித்தாள். டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் எங்களை மகளோடு விளையாடச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா பார்த்தாள். பிறகு, "இது பொறவியிலயே வர்றது, உங்க யார் தப்பும் இல்லீங்க" என்றாள். மருந்து கேட்டேன். மருந்து கிடையாது, வீட்டில் நாங்கள்தான் பழக்க வேண்டும் என்றாள். மனைவியைப் பார்த்து, "நீங்க நிறுத்தாம கேள்வி கேக்கறீங்கம்மா. பாதியாக் கொறைங்க" என்றாள். என்னைப் பார்த்து, "நீங்க பேசுங்க. அவளுக்குப் புடிச்சதக் கையில வெச்சு, நேரா கீழ உக்காந்து, பேர ஒரே வார்த்தையில சொல்லுங்க. மனசுல பத்து எண்ணுங்க. அவ உங்க கண்ணப் பாத்தாப் போதும், அதுதான் கேக்கறது. உடனே குடுத்துடுங்க" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் மனைவி முணுமுணுத்தாள். "நீங்க பேச வேண்டியதையும் சேத்து இத்தன வருசம் நாந்தான் பேசினேன். இப்ப அதுவும் குத்தமாயிருச்சு."

அது பலாப்பழக் காலம். மகளுக்குப் பலாச்சுளை என்றால் உயிர். ஆனால் எங்கள் மலையில் பழம் வெட்டினால் வழியில் போகிறவரையும் கூப்பிட்டுக் கொடுப்போம். குழந்தை பார்த்திருக்கச் சுளையைக் கையிலேயே வைத்திருப்பது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த பாவம். நான் வாசலில் உட்கார்ந்து "சுளை" என்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலே கையை நீட்டி மகளிடம் இரண்டு சுளை கொடுத்துவிடுவாள்.

"பச்சப் புள்ளைய ஏங்க வெக்கறயே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கொடுத்தார்கள். சேலத்தில் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கருணை என்னை நான்கைத் தாண்ட விடவில்லை. தின்று தின்று மகளுக்குக் கன்னம் உப்பியது. யார் முகத்தையும் அவள் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஒரு நாள், ஊர்ப் பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் பாதி ஊர்.

"ஏம்ப்பா, திங்கறதக் காட்டிக் காட்டி மறைக்கறயாமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். மகளிடம் கேள்வி கேட்காமல் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் மனைவி அவர்மேல் கொட்டினாள். சேலம், பயிற்சி, பத்து எண்ணுவது எல்லாம். அவர் பின்வாங்கி, "சரி சாமி, சரி. செஞ்சுதான் காட்டச் சொல்லேன், பாப்போம்" என்றார்.

இத்தனை பேர் நடுவில் நான் வாயைத் திறந்ததே கிடையாது. ஆனாலும் கீழே உட்கார்ந்து, சுளையை உள்ளங்கையில் வைத்தேன். "சுளை" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

கூட்டம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. ஐந்து. முதல் முறையாக ஐந்து. மகள் சுளையைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். ஆறு. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஏழில் அத்தையால் முடியவில்லை. மடியிலிருந்து ஒரு சுளையை எடுத்து மகள் கையில் திணித்துவிட்டாள்.

"அட, கெடுத்தயா" என்றார் கவுண்டர்.

மகள் அதைத் தின்னவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கொண்டுவந்து, என் உள்ளங்கையில் இருந்த சுளைக்குப் பக்கத்தில் வைத்தாள். தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு எண்ணிக்கை மறந்துபோனது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் மறந்துபோனது. அவள் பார்வையை எடுக்காமல் காத்திருந்தாள்.

பின்னாலிருந்து அத்தை என் தோளை இடித்தாள்.

"சொல்லேன் சாமி. புள்ள எம்புட்டு நேரந்தான் காத்துக்கிட்டிருக்கும்?"

"சுளை" என்றேன். கவுண்டர் உட்பட எல்லோருக்கும் கேட்டது. அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.