விருந்தினருக்குக் காத்திருந்த கத்தரிக்காய்

ராஜபாளையத்தில் எங்கள் தெருக் காலிமனையில் இளைஞர்கள் கூடி இயற்கைக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். அவர்களின் தலைவர் ஒல்லியான தாடிக்காரர். பேச்சுக்கு நடுவே மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பார். அறுவடை விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வரும்வரை ஒரு காயைக்கூடப் பறிக்க விடவில்லை. விருந்தினரோ தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கத்தரி பழுத்து மஞ்சளானது. வெண்டை முற்றி விறகானது.

விழாவன்று செடி நிறையப் பளபளவென்று கத்தரிக்காய்கள்! விருந்தினர் ஒன்றைப் பறித்தார். காயோடு நூலும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் வாங்கிவந்து கட்டியிருக்கிறார்கள்.

“என்ன தம்பி இது?” என்றேன் தலைவரிடம்.

கையிலிருந்த மண்ணை முகர்ந்தபடியே சொன்னார்: “அம்புட்டும் சுத்தமான பருத்தி நூலுண்ணே. பிளாஸ்டிக்க உள்ளயே விடமாட்டோம்.”

மாலையில் அந்த நூலையெல்லாம் அவிழ்த்து, அடுத்த விழாவுக்கென்று உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். எதையும் வீணாக்காத மனிதர்.